தங்கச்சிக்கு மட்டும் ஒன்வே டிக்கெட் போட்டிருக்கார் – ஆஸ்திரேலியா 309 விசா தெரிஞ்சவங்க சொல்லுங்க

குன்னூர் ஜெராக்ஸ் அக்கா:

வணக்கம். குன்னூர்ல ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வெச்சிருக்கேன். பட்டா, சாதிச் சான்று, பாஸ்போர்ட், பான் கார்டுன்னு நாள் முழுக்க அடுத்தவங்க ஃபாரத்தை நிரப்பற பொழப்பு. இப்ப என் வீட்டு விஷயத்துல கையும் ஓடல, காலும் ஓடல.

தங்கச்சி நர்சிங் படிச்சவ. 2023 பிப்ரவரில கல்யாணம். மாப்பிள்ளை கோயமுத்தூர்க்காரர், மெல்போர்ன்ல ஐடி வேலை, அங்க சிட்டிசன். ஜூன்ல பார்ட்னர் விசாவுக்குப் போட்டாங்க. கல்யாண போட்டோ, பத்திரிகை, வாட்ஸப் பேச்சு எல்லாத்தையும் என் கடையிலதான் ஸ்கேன் பண்ணி அவருக்கு அனுப்பினேன். அப்ளிகேஷன் போட்டது அவர், அக்கவுன்ட்டும் பாஸ்வேர்டும் அவர் கையில. 2024 ஆகஸ்ட்ல 309, அதாவது தற்காலிக பார்ட்னர் விசா, கிடைச்சுது, செப்டம்பர்ல ஏறினா.

முதல் ரெண்டு மாசம் நல்லாத்தான் பேசினா. அப்புறம் போன் எப்பவும் ஸ்பீக்கர்லயே இருந்துச்சு. பிப்ரவரில வீடியோல பாத்தப்ப முழுக்கை ஸ்வெட்டர். ஸ்வெட்டர் எப்ப போடணும்னு குன்னூர்க்காரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அங்க பிப்ரவரி கோடைகாலம், அன்னிக்கு 36 டிகிரின்னு நானே பாத்தேன். "குளிருதுக்கா"ன்னா.

எங்க அம்மா சிலோன்ல பொறந்தவங்க. 1964 சாஸ்திரி – சிரிமாவோ ஒப்பந்தத்துல மண்டபம் வந்து இறங்கி, இங்க டான்டீயில, அதான் அரசு தேயிலைத் தோட்டத்துல, கொழுந்து எடுத்து ரிட்டையர் ஆனவங்க. அதனால தோட்டத்து வார்த்தை நாலு எங்க வீட்டுல இன்னும் புழங்குது. அதுல ஒண்ணு பெரட்டு. காலைல ஆள் எண்ணி வேலை பிரிச்சுக் குடுக்கற இடம். சின்ன வயசுல அப்பா கோவமா இருந்தா "பெரட்டு நடக்குது"ன்னு நாங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு சொல்லிக்குவோம், இப்ப எதுவும் பேசாதேன்னு அர்த்தம். போன மாசம் ஸ்பீக்கர்ல பேசிட்டு இருக்கும்போது திடீர்னு "அக்கா, அங்க பெரட்டு முடிஞ்சுதா? இங்க இன்னும் முடியல"ன்னா. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

பிறகு கூட வேலை செய்யற ஒரு பஞ்சாபி அம்மா போன்ல இருந்து பேசினா. நைட் ஷிஃப்ட்ல ஒரு கிடங்குல பேக்கிங் வேலை. சம்பளம் விழற கார்டு அவர்கிட்ட. பாஸ்போர்ட் அவர் ஆபீஸ் பையில. அடி உண்டு. "விசாவுக்கு எட்டாயிரம் டாலருக்கு மேல கட்டினவன் நான். ஒரு மெயில் போட்டா உன் விசா கேன்சல், போலீஸே வந்து ஏத்தி அனுப்பிடுவான்"னு தினமும் சொல்றாராம்.

இப்ப ஏப்ரல்ல தந்தி மாரியம்மன் தேருக்கு ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லி டிக்கெட்டை அம்மாவுக்கு அனுப்பியிருக்கார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் டிக்கெட் போட்டுத் தர்றவ, கண்ணு வேற இடத்துக்குத்தான் போச்சு. அவருக்கு ரிட்டர்ன் இருக்கு. இவளுக்கு இல்ல.

அம்மா சொல்றது: "வந்து சேரட்டும், அது போதும். நாங்க ஒரு தகரப்பெட்டியோட வந்து பொழைக்கலையா?" எனக்கும் பாதி மனசு அப்படித்தான் சொல்லுது.

அவர் நினைச்சா விசாவை கேன்சல் பண்ண முடியுமா? அவ அந்த ஃப்ளைட்ல ஏறலாமா? இங்க இருந்து நான் என்ன செய்யறது?

மலைக்காத்து:

ஒரு கை தட்டினா ஓசை வராது. புதுசா போன இடம், அவருக்கும் வேலை டென்ஷன் இருக்கும். ஊருக்கு வரட்டும், பெரியவங்க நாலு பேர் உக்காந்து பேசினா தீராதது இல்ல. எடுத்த எடுப்புல போலீஸ், கோர்ட்டுன்னு கிளப்பிவிட்டா குடும்பம்தான் கெடும்.

தேவாலா டு டான்டினாங்:

சகோதரி, மேல இருக்கறதைப் படிச்சுட்டு மனசு மாறிடாதீங்க. நான் தேவாலாக்காரி. 2018ல இதே 309ல ஆஸ்திரேலியா வந்தேன். இப்ப நிரந்தர விசா (பி.ஆர்.) இருக்கு, அவர் இல்ல.

கேன்சல் பண்ற அதிகாரம் குடியேற்றத் துறைக்கு மட்டும்தான். அவர் ஸ்பான்சர், அவ்வளவுதான். "உறவு முடிஞ்சுது, நான் ஸ்பான்சர் இல்ல"ன்னு அவர் எழுதலாம். எழுதினா துறை உங்க தங்கச்சிகிட்ட விளக்கம் கேட்கும். அங்கதான் குடும்ப வன்முறைக்குன்னு இருக்கற தனி விதி வருது. உண்மையான கல்யாணமா இருந்து, சேர்ந்து வாழ்ந்த காலத்துல வன்முறை நடந்திருந்தா, உறவு முறிஞ்ச பிறகும் அவங்க பேர்லயே நிரந்தர விசா, அதாவது 100, குடுக்க முடியும். அவர் கையெழுத்தே வேண்டாம். அடி மட்டும் கணக்கில்ல. மிரட்டல், காசைப் பிடுங்கி வெச்சுக்கறது, ஆளுங்களோட பேச விடாம அடைச்சு வெக்கறது எல்லாம் அதுல வரும்.

இதுல ஒரு பொறி இருக்கு, கவனிங்க. துறை அனுப்பற கடிதம் அந்த அக்கவுன்ட்டுக்கு, அவர் மெயிலுக்குத்தான் போகும். அவர் அதை அழுத்திட்டு சும்மா இருந்தா இவங்க பக்கம் பதிலே போகாது. அதனால வக்கீல் ஒருத்தரைப் பிடிச்சு 956ங்கற ஃபாரத்தைக் குடுத்தா கடிதம் எல்லாம் வக்கீலுக்கு வரும். இங்க லீகல் எய்டு, பெண்களுக்கான சட்ட மையங்கள் இருக்கு, இந்த மாதிரி கேஸுக்கு இலவசமாப் பாக்கறவங்க இருக்காங்க.

டிக்கெட் விஷயம். ஜூன்ல போட்ட அப்ளிகேஷன்னா இந்த ஜூனோட ரெண்டு வருஷம். நிரந்தர விசாவைப் பரிசீலிக்கற நேரம் அது. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தருக்கு மட்டும் ஒன்வேன்னா எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோணுது. கூட்டிட்டுப் போய் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி ஊர்ல விட்டுட்டு வர்றது இங்க நிறைய நடந்திருக்கு. ஒருத்தரை மிரட்டியோ ஏமாத்தியோ நாட்டை விட்டு வெளிய அனுப்பறது ஆஸ்திரேலியச் சட்டப்படி ஆள்கடத்தல் குற்றம். ஃபெடரல் போலீஸ் விசாரிக்கும், நம்பர் 131 237. ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டாலும் பாஸ்போர்ட் பாக்கற கவுன்டர்ல "எனக்குப் போக விருப்பமில்ல, கட்டாயப்படுத்தறாங்க"ன்னு சொன்னா போதும்.

உங்க அம்மா மனசு புரியுது. ஆனா இங்க இருந்துட்டு கேக்கறதுக்கும் அங்க இறங்கின பிறகு கேக்கறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஊருக்கு வரணும்னா வரட்டும், வக்கீல்கிட்ட பேசிட்டு, பாஸ்போர்ட் தன் கையில இருக்கும்போது, தானா வரட்டும்.

ஆதாரம் எப்படின்னு கேப்பீங்க. கோர்ட் ரெண்டு பக்கமும் கேட்டு இறுதித் தடை உத்தரவு குடுத்தா அது ஒரு வழி. நான் போனது இன்னொரு வழி: 1410ன்னு ஒரு ஃபாரம், நடந்ததை நாமே சத்தியம் பண்ணி எழுதறது. அதோட ரெண்டு வேற வேற வகையான ஆள்கிட்ட இருந்து கடிதம் – டாக்டர், சோஷியல் வொர்க்கர், சைக்காலஜிஸ்ட், அடைக்கல இல்லம், போலீஸ் இப்படி. ரெண்டு டாக்டர் குடுத்தா அது ஒரு வகைதான்.

எனக்கு எல்லாம் ஆரம்பிச்சது டாக்டர் ரூம்ல. அவரும் கூடவே வருவார், பக்கத்துலயே உக்காருவார். ஒரு நாள் டாக்டரம்மா "தனியா ஒரு செக்கப், நீங்க வெளிய இருங்க"ன்னு அவரை அனுப்பிட்டாங்க. பி.பி. பட்டையைக் கையில கட்டிட்டு, அதை அமுக்கவே இல்ல. "வீட்டுல பயமா இருக்கா?"ன்னு கேட்டாங்க. அந்த நாலு நிமிஷம்தான்.

1410ஐ முதல்ல நான் எழுதினது "அவர் ரொம்பக் கோபக்காரர், என்னை மதிக்கறதில்ல"ன்னு ஒன்றரைப் பக்கம். வக்கீல் ஓரமா வெச்சுட்டாங்க. என்னிக்கு, எந்த ரூம்ல, என்ன சொன்னார், உனக்கு என்ன பயம் வந்துச்சு, அதை எழுதுன்னாங்க. தேதி எங்க ஞாபகம் இருக்கு? ஆனா சட்னி ஜாரைத் தூக்கி அடிச்சது தைப்பூசத்தன்னிக்கு. முடியைப் பிடிச்சு இழுத்தது ஆடி வெள்ளி, மாவிளக்கு போட மாவு இடிச்சுட்டு இருந்தேன். வக்கீலம்மா சிரிக்காம காலண்டரைத் திறந்து ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ் தேதி போட்டாங்க. உங்க வீட்டு தினக் காலண்டர் தாளைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. கல்யாணம் நிஜம்னு காட்டறதும் இதுல பாதி வேலை. நீங்க ஸ்கேன் பண்ணினது எல்லாம் கடை கம்ப்யூட்டர்ல இருக்கான்னு பாருங்க. பாஸ்போர்ட் பக்கம், விசா குடுத்த கடிதம் இருந்தா தங்கம். அதுல இருக்கற கிரான்ட் நம்பரையும் பாஸ்போர்ட் நம்பரையும் வெச்சு வீவோங்கற அரசு இணையப் பக்கத்துல விசா உயிரோட இருக்கான்னு அவளே பாத்துக்கலாம்.

உயிருக்கு ஆபத்துன்னா 000. மத்தபடி குடும்ப வன்முறை உதவிக்கு 24 மணி நேரமும் 1800 737 732. மெல்போர்ன்ல தங்க இடம் வேணும்னா சேஃப் ஸ்டெப்ஸ், 1800 015 188. அவ போன்ல இருந்து வேண்டாம், பஞ்சாபி அம்மா போன்ல இருந்து. அரசு மருத்துவ உதவியான மெடிகேர் 309க்கு உண்டு, எங்க வேணும்னாலும் வேலை செய்யலாம். சென்டர்லிங்க்ங்கற அரசு உதவி அலுவலகத்துல ஸ்பெஷல் பெனிஃபிட்னு ஒரு உதவித்தொகை இருக்கு. புதுசா வந்தவங்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, வன்முறைன்னா அதைத் தளர்த்த இடமிருக்கு. சோஷியல் வொர்க்கர்கிட்ட பேசணும்னு கேட்டு வாங்கணும். கேக்காம யாரும் குடுக்க மாட்டாங்க.

எனக்கு முடிவு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் வேலை பாத்துட்டுத்தான் இருந்தேன்.

குன்னூர் ஜெராக்ஸ் அக்கா:

தேவாலா சகோதரிக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ஃபோல்டரைத் தேடினேன். "தங்கச்சி விசா"ன்னு பேர் வெச்சு 214 ஃபைல். கடை பையன் போன தீபாவளிக்கு டிஸ்க்கைக் காலி பண்றேன்னு சொன்னப்ப ஏதோ நல்ல நேரம், வேண்டாம்னேன். பாஸ்போர்ட் எல்லாப் பக்கமும் இருக்கு. கிரான்ட் கடிதமும் இருக்கு, ஏர்போர்ட்ல காட்டன்னு பிரின்ட் எடுக்க அவரேதான் அன்னிக்கு எனக்கு அனுப்பினார்.

மலைக்காத்து அண்ணா, ஒரு கை தட்டினா ஓசை வராதுன்னீங்க. கன்னத்துல தட்டினா ஒரு கையே போதும், நல்லா சத்தம் வரும்.

ஊட்டி வக்கீல்:

ஒரு எச்சரிக்கை. ஊர், வருஷம், வேலை எல்லாம் போட்டிருக்கீங்க. அவர் கண்ணுல பட்டா?

இந்தியப் பக்கம் கொஞ்சம் சொல்றேன். கணவன் கொடுமைக்கு இருந்த 498ஏ, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. கொடுமை வேற ஊர்ல நடந்தாலும், பெண் தஞ்சம் புகுந்த இடத்திலேயே புகார் கொடுக்கலாம்னு 2019ல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நகை அவர் அம்மா லாக்கர்ல இருந்தா அது உங்க தங்கச்சியோட சீதனம், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் திருப்பிக் கேட்கலாம். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை விவகாரங்களுக்கு ஒரு தனிப் பிரிவு இருக்கு. வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். இங்க ஆலோசனைக்கு 181.

ஆனா இதெல்லாம் இன்னிக்கு வேண்டாம். அவ அந்த வீட்டுக்குள்ள இருக்கும்போது நீங்க இங்க கோயமுத்தூர்ல அவங்க அப்பா அம்மா மேல புகார் குடுத்தா, அந்தக் கோபம் எங்க போய் இறங்கும்? முதல்ல அவ பத்திரமா வெளிய வரட்டும். நகையும் நீங்களும் எங்கயும் போயிட மாட்டீங்க.

வரதட்சணை கேட்டிருந்தா அதையும் அங்க சொல்லச் சொல்லுங்க. விக்டோரியா மாநிலச் சட்டத்தில் 2019 முதல் அது குடும்ப வன்முறைக்கு உதாரணமாகவே எழுதப்பட்டிருக்கு. பாஸ்போர்ட்டும் அவர் சொத்து இல்ல, இந்திய அரசின் சொத்து. அவர் தராம அடம் பிடிச்சா அங்க போலீஸில் சொல்லிட்டு, மெல்போர்ன் இந்தியத் துணைத் தூதரகத்தில் அடுத்து என்னன்னு கேட்கலாம்.

குன்னூர் ஜெராக்ஸ் அக்கா:

வக்கீல் சார், வருஷமும் அடையாளமும் அங்கங்க மாத்தித்தான் போட்டிருக்கேன், கணக்கு மட்டும் சரியா வர்ற மாதிரி. தவிர அவருக்குத் தமிழ் படிக்க வராது. பெருமையா சொல்லிக்குவார்.

ஒரு சந்தேகம். மொழிபெயர்க்க ஆள் குடுப்பாங்கன்னா, அங்க இருக்கற தமிழ் ஆளுங்க எல்லாம் அவருக்குத் தெரிஞ்சவங்க. கோயில், பொங்கல் விழான்னு எல்லாரும் சொந்தக்காரங்க மாதிரி. விஷயம் போயிடும்னு பயப்படறா.

யாழினி மெல்பேண்:

அக்கா, நான் இங்க போன்ல மொழிபெயர்க்கிற வேலை செய்யிறன். அந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கு, எனக்கு விளங்குது. மொழிபெயர்ப்புச் சேவை 131 450க்கு எடுக்கேக்க வேற மாநிலத்தில இருக்கிற பொம்பிளை ஆள் வேணும் எண்டு கேக்கலாம். பேர் சொல்லத் தேவையில்லை. கதைச்சதை வெளியில சொல்லக் கூடாது எண்டது எங்கட வேலைக் கட்டுப்பாடு. தெரிஞ்ச குரல் மாதிரி இருந்தா உடன வச்சிட்டு திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ, ஒருத்தரும் ஏன் எண்டு கேக்க மாட்டினம். உங்கட தங்கச்சி இங்கிலீஷ் தெரிஞ்ச பிள்ளையா இருந்தாலும், அடிபட்ட கதையைச் சொந்தப் பாஷையில சொல்றதுதான் சுகம். இங்கிலீஷில சொல்லேக்க பாதி விட்டுப்போகும்.

தேவாலா டு டான்டினாங்:

தேருக்கு இன்னும் எத்தனை நாள்? டிக்கெட்டைத் தள்ளிப்போட ஒரு சாக்கு வேணும். அவ "வரல"ன்னு சொன்னா அடி விழும். சாக்கு உங்க பக்கத்துல இருந்து வரணும்.

குன்னூர் ஜெராக்ஸ் அக்கா:

தேர் முடிஞ்சு பத்து நாள் ஆச்சு, அதனால இப்ப எழுதறேன்.

சாக்கை அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு நாள் அழுதாங்க, மூணாவது நாள் காலைல மாப்பிள்ளைக்கே போன் போட்டு, "தம்பி, பேரனுக்கு அம்மை போட்டிருக்குங்க. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் வெளியூர் ஆளுங்க வாசப்படி மிதிக்கக் கூடாது. அதுவும் மாரியாத்தா தேர் நேரம், நீங்க வந்து எதாவது ஆச்சுன்னா உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்"னாங்க. ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் தொத்து வியாதி. எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரல. டிக்கெட்டை மாத்திட்டார், கட்டணம் போச்சுன்னு ரெண்டு நாள் புலம்பினாராம்.

வீடியோல வாசல்ல வேப்பிலை தெரியணுமே. குன்னூர் குளிர்ல வேப்பமரம் எங்க இருக்கு? மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர்ற பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி ஒரு கொத்து வரவழைச்சுக் கட்டினோம். என் பையனுக்கு ஒரு வாரம் வீடியோ காலுக்குப் பக்கத்துல வரக்கூடாதுன்னு உத்தரவு. ஒரு புள்ளி இல்லாத அம்மைக்கு அம்மா நிஜமாவே மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கிட்டாங்க, பொய் சொன்னதுக்கு.

அந்த ஒரு வாரத்துல தங்கச்சி ஷிஃப்ட்டுக்கு முன்னாடி தனியா டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டா. கைக்காயத்தை அளந்து எழுதிக்கிட்டாங்களாம். அதோட ஒரு சோஷியல் வொர்க்கர் போன்ல பேசியிருக்காங்க, அடுத்த வாரம் நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. விசா வீவோல அப்படியே இருக்கு. பஞ்சாபி அம்மா வீட்டுல அவ பேர்ல ஒரு பை ரெடியா இருக்கு, நர்சிங் சர்டிஃபிகேட் காப்பி எல்லாம் நான் அங்கதான் அனுப்பினேன். நான் இங்க தினக் காலண்டரைப் பிரிச்சு, அவ சொல்லச் சொல்ல தேதி குறிச்சுட்டு வர்றேன். மார்கழி மாசம் மட்டும் ஏழு தாள்.

இன்னிக்குக் காலைல ஸ்பீக்கர்லதான் பேசினா. அவர் பக்கத்துல டீ உறிஞ்சற சத்தம் எனக்கே கேட்டுது. மலையில அரை நாள் வேலை செஞ்சா அரைப் பேருன்னுதான் செக்ரோல்ல போடுவாங்க, கூலியும் பாதி. அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே சொன்னா:

"அக்கா, எனக்கு அரைப் பேரு விழுந்துருச்சு. மீதி வியாழக்கிழமை."